பூட்ஸில் சிமெண்ட் ஒட்டாத கான்ட்ராக்டர்

சில வாரங்களாக ஈசூனில் இருக்கும் என் பெற்றோர் வீட்டுக் கதவைத் திறந்தால், அம்மாவின் ரசத்து மணத்துக்கு முன்பே அப்பாவின் சிரிப்புச் சத்தம் வந்துவிடுகிறது. அவர் சாதாரணமாக அதிகம் சிரிக்கிறவர் அல்லர். காரணம், வார நாள் பிற்பகல்களில் தொலைக்காட்சியில் மீண்டும் வரத் தொடங்கியிருக்கும் பழைய நகைச்சுவைத் தொடர், 'புவா சூ காங்'.

நான் வானொலியில் காலை நேர நிகழ்ச்சி படைப்பவள். ஊர் உறங்கிக்கொண்டிருக்கும்போது எழுந்து, ஆறு மணிக்கு உங்களுக்கு வணக்கம் சொல்லி, பத்து மணிக்கு விடைபெறுவேன். அதன் பிறகு கூட்டங்கள், மறுநாளுக்கான தயாரிப்பு என எல்லாம் முடித்து அம்மா வீட்டுக்கு வரும்போது மூன்று மணி ஆகிவிடும். மகன் தொடக்கநிலை ஒன்றில் படிக்கிறான். பள்ளி விட்டதும் அவனை அழைத்து வருவது ஓய்வுபெற்ற அப்பாவின் வேலை. நான் வரும்போது தாத்தாவும் பேரனும் ஒரே சோபாவில், ஒரே தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருப்பார்கள்.

மகனுக்கு ஒரே ஒரு குறைதான். "அம்மா, எல்லாத் தாத்தாவும் ஸ்கூல் கேட்லதான் நிக்கிறாங்க. நம்ம தாத்தா மட்டும் தள்ளி பஸ் ஸ்டாப்ல நிக்கிறாரு." முட்டி வலி, பஸ் ஸ்டாப்பில் உட்கார இடம் இருக்கிறது என்று அப்பா சொன்னார். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இளையவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். 'புவா சூ காங்' 1997 முதல் 2007 வரை ஓடிய ஆங்கில நகைச்சுவைத் தொடர். அதன் நாயகன் வீடு புதுப்பிக்கும் கான்ட்ராக்டர். சுருட்டை முடி, முகத்தில் பெரிய மச்சம், நீளமாக வளர்த்த சுண்டுவிரல் நகம், மஞ்சள் நிற பூட்ஸ். சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் தன்னைப் போல் ஆள் இல்லை, பாத்தாமில்கூடச் சிலர் அப்படிச் சொல்கிறார்கள் என்று பீற்றிக்கொள்வார். வாயைத் திறந்தால் சிங்லிஷ்தான். தம்பியாக வருபவர் கட்டடக் கலைஞர், தம்பி மனைவிக்கோ மேல்தட்டு ஆங்கிலம். ஒரே கூரைக்குக் கீழே இவர்கள் போடும் சண்டைதான் கதை. நாயகனாக நடித்தவர் குர்மிட் சிங். அப்பாவுக்கு அதில் ஒரு தனிப் பெருமை. "பேரைப் பாரு, சிங். சீனர் மாதிரி நடிச்சு ஊரையே நம்ப வெச்சிட்டாரு பாரு."

அப்பாவும் அதே தொழிலில் இருந்தவர். முப்பது ஆண்டுகள் டைல்ஸ் போட்டவர். கடைசிப் பத்து ஆண்டுகள் எட்டுப் பேரை வைத்து வேலை வாங்கியவர். அதனால் அவர் இந்தத் தொடரைப் பார்க்கும் விதமே வேறு. போன வாரம் திரையைக் காட்டி அவர் சொன்னார்: "பத்து வருஷம் கான்ட்ராக்டரா நடிச்சிருக்காரு. அந்த பூட்ஸ்ல ஒரு சொட்டு சிமெண்ட் ஒட்டியிருக்கா பாரு. அந்த நகத்தை வெச்சுக்கிட்டு எவனாச்சும் டைல்ஸுக்கு க்ரவுட் பூச முடியுமா?" சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

இருபத்தைந்து ஆண்டுகளாக அப்பா எதற்காகச் சிரித்தார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பழைய தொடரை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று நண்பர்கள் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். வானொலியில் நாங்கள் நாற்பது ஆண்டு பழைய இளையராஜா பாடலைப் போடும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. "அதையே இன்னொரு தடவை போடுங்க" என்றுதான் அழைக்கிறார்கள். ஒரு பாடலை ஆயிரம் முறை கேட்கலாம், ஒரு நகைச்சுவையை இரண்டாம் முறை பார்க்கக் கூடாதா?

ஊடகத் துறையில் பட்டப்படிப்பு படித்தபோது இதன் கதையைப் படித்திருக்கிறேன். 1951இல் அமெரிக்காவில் 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. அந்தக் காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும். நாட்டின் மறுகோடியில் இருப்பவர்களுக்குத் தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து அனுப்பும் மங்கலான நகல்தான் கிடைக்கும். நாயகி லூசில் பாலும் அவருடைய கணவர் டெசி ஆர்னாசும் ஹாலிவுட்டை விட்டு வர மறுத்தார்கள். சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் படச்சுருளில், மூன்று கேமராக்களை வைத்து, பார்வையாளர்கள் முன்னிலையில் எடுத்தார்கள். செலவு கூடியது. தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்ட தம்பதி, அதற்கு ஈடாகப் படச்சுருளின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு மறுவாழ்வு உண்டு என்று அப்போது பெரும்பாலோர் எண்ணிப் பார்க்கவில்லை. லூசில் பால் கருவுற்று 1953 ஜனவரியில் மகனைப் பெற்றெடுத்த காலத்தில் பழைய பகுதிகளையே மீண்டும் போட்டார்கள். மக்கள் அதையும் உட்கார்ந்து பார்த்தார்கள். மறுஒளிபரப்பு ஒரு வியாபாரமாக வளர்ந்தது இப்படித்தான்.

பிறகு ஒரு கணக்கும் வந்தது. ஒரு தொடருக்கு நூறு பகுதிகள் சேர்ந்துவிட்டால் அதற்கு மறுபிறவி உண்டு என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் போட்டால் இருபது வாரம் தாங்கும். நகைச்சுவைத் தொடர் இதற்கு மிகவும் தோதானது. நம் வீடுகளில் ஓடும் நெடுந்தொடரில் ஒரு வாரம் தவறினால் மாமியாரைக் கடத்தியது யார் என்று தெரியாமல் போகும். நகைச்சுவைத் தொடரில் அந்தக் கவலை இல்லை. பிரச்சினை எதுவானாலும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மறுநாள் அதே சோபா, அதே மனிதர்கள், அதே குணம். பேரனைக் கூட்டிவரப் போன தாத்தா பாதியில் வந்து உட்கார்ந்தாலும் கதை புரியும். பிற்பகலில் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்கள், பிள்ளைகள், இரவு வேலை முடித்து வந்தவர்கள். அவர்களுக்கு இது போதும்.

பாதுகாக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. பிரிட்டனில் பிபிசி ஒரு காலத்தில் ஒளிநாடாக்களை அழித்து மறுபடியும் பயன்படுத்தியது. அதனால் 'டாட்ஸ் ஆர்மி' என்ற புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரின் இரண்டாம் பருவத்தில் மூன்று பகுதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. அதைப் படித்தபோது எனக்கு என் வேலையின் நினைவுதான் வந்தது. நான் காலையில் நான்கு மணி நேரம் பேசுவது பத்து மணிக்குக் காற்றோடு போய்விடுகிறது. ஒருவகையில் அது நல்லதுதான். சொன்ன எல்லாச் சொல்லும் திரும்பி வர வேண்டும் என்று யாருக்கும் ஆசை இருக்காது. எனக்கு நிச்சயமாக இல்லை.

1999ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது, தொடக்கநிலை நான்கு. அந்த ஆகஸ்ட்டில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் தேசிய தினப் பேரணி உரையில் சிங்லிஷைப் பற்றிப் பேசினார். மாணவர்கள் புவா சூ காங்கைப் போலவே பேசத் தொடங்கிவிட்டதைக் குறிப்பிட்டு, அவர் என்டியுசி நடத்தும் 'பெஸ்ட்' வகுப்புக்குப் போய் ஆங்கிலத்தை மேம்படுத்திக்கொள்ள வைக்கும்படி தொலைக்காட்சி நிறுவனத்திடம் கேட்டிருப்பதாகச் சொன்னார். 'பெஸ்ட்' என்பது பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஊழியர்களுக்காக அடிப்படை ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்த திட்டம். தொடரிலும் கான்ட்ராக்டர் வகுப்புக்குப் போனார். அடுத்த ஆண்டு, 2000இல், நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கப்பட்டது. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைகள் நாங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்றுதான்: அப்படிப் பேசுகிறவர் கேலிக்குரியவர்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு ஒரு மழை நாள். பள்ளி விட்டதும் வெளியே வந்தேன். நுழைவாயில் கம்பிக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். மழையால் வேலை பாதியில் நின்றதால் நேராக என்னைக் கூட்டிப் போக வந்திருக்கிறார். கையில் என் குடை, காலில் மஞ்சள் ரப்பர் பூட்ஸ். முழங்கால் வரை சிமெண்ட்.

"ஏய், உங்கப்பாதான் புவா சூ காங்கா?" என்று ஒருவன் கத்தினான்.

அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். இடுப்பில் கையை வைத்து, சுண்டுவிரலை நீட்டி, "டோன் பிளே பிளே" என்றார். பிள்ளைகள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன்: "இனிமே ஸ்கூலுக்கு வராதீங்கப்பா. வந்தாலும் கேட் கிட்ட நிக்காதீங்க."

"சரிம்மா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் வந்த நாள்களில் பஸ் ஸ்டாப்பில்தான் நின்றார்.

நான் வளர்ந்தேன். மேடைப் பேச்சு, நாடகம், விவாதம் என்று போய், பட்டம் வாங்கி, வானொலியில் சேர்ந்தேன். என் தொழிலே உச்சரிப்பு. லகர ளகர ழகரம் பிறழாமல் பேசியே சம்பளம் வாங்குகிறேன். வீட்டிலும் அந்த வேலை ஓயவில்லை. அப்பா "வாளப்பளம்" என்றால் "வாழைப்பழம்" என்பேன். தொலைபேசியில் வாடிக்கையாளரிடம் அவர் ஆங்கிலத்தில் பேசி முடித்ததும், அந்த வாக்கியம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று சொல்வேன். உதவி செய்கிறேன் என்றே நினைத்தேன். அப்பா நான் வீட்டில் இருந்தால் அறைக்குள் போய்த் தொலைபேசியில் பேசத் தொடங்கினார். வேலை விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த மறுஒளிபரப்பில், கான்ட்ராக்டர் வகுப்பில் மாணவராக உட்கார்ந்திருக்கும் பகுதி இரண்டு வாரத்துக்கு முன்பு வந்தது. நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். மகன் தரையில் படுத்து எழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தான்.

"நானும் போனேன்ல" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்கப்பா?"

"இந்த கிளாஸ்தான். பெஸ்ட். வாரத்துல ரெண்டு ராத்திரி. ஆறு மாசம்."

"எப்ப?"

"நீ பிரைமரி ஃபைவ் படிக்கிறப்ப."

சமையலறையிலிருந்து அம்மா சொன்னார்: "ஓடி இருக்குன்னு சொல்லிட்டுப் போவாருல்ல, அதான்."

மிகைநேர வேலை முடிந்து அப்பா பத்து மணிக்கு வந்த இரவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. வரும்போது பரோட்டா வாங்கி வருவார். அதற்காகவே விழித்திருப்பேன்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சொன்னா நீ நோட்டை வாங்கித் திருத்த உக்காந்துடுவியே."

கேலியாகத்தான் சொன்னார். அம்மாவும் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். கையிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பிறகு அவரே தொடர்ந்தார். வகுப்பு எடுத்தவர் வயதான சீன அம்மையார். முதல் நாளே, "உங்களுக்குப் பேச வருகிறது, எழுதத்தான் வரவில்லை, எழுதப் பழகுங்கள் போதும்" என்றாராம். அதுவரை வேலைக்கான விலைப்பட்டியலை எழுத அப்பா யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு எல்லா கொட்டேஷனையும் அவரே எழுதினார். எழுதத் தெரிந்ததால்தான் முதலாளி அவரை எட்டுப் பேருக்கு மேற்பார்வையாளராகப் போட்டார். என் பல்கலைக்கழகக் கட்டணம் அந்தச் சம்பளத்தில் கட்டியது. உச்சரிப்பு மட்டும் மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று அந்த ஆசிரியையும் சொல்லவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒன்றை யோசித்துப் பார்த்தேன். 1999இல் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ளச் சொன்ன அதே கான்ட்ராக்டரைத்தான், 2003இல் சார்ஸ் பரவியபோது மக்களுக்குச் சுகாதாரம் சொல்ல 'ராப்' பாட அழைத்தார்கள். 2021இல் கொவிட்-19 தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லும் அரசாங்கக் காணொளியில் பாடியவரும் அவரே. அறிவிப்புகளும் துண்டுப் பிரசுரங்களும் எட்டாத இடத்துக்கு அந்தக் குரல் எட்டும் என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. அப்பா ஊசி போட்டுக்கொள்ளத் தயங்கியவர். "இவரே சொல்லிட்டாரு, போட்டுக்குவோம்" என்று கிளம்பினார். நான் அதற்கு முன் மூன்று வாரமாக நல்ல தமிழில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தொடரில் நாங்கள் பேச்சைப் பார்த்துச் சிரித்தோம். அப்பா வேலையைப் பார்த்துச் சிரித்தார். சிமெண்ட் ஒட்டாத பூட்ஸைப் பார்த்து, இவன் உண்மையான கான்ட்ராக்டர் இல்லை என்று தெரிந்து சிரித்தார். பள்ளி வாசலில் சுண்டுவிரலை நீட்டி நின்றவருக்கு, தம் காலில் ஒட்டியிருந்த சிமெண்ட்டைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமே இருக்கவில்லை. அந்த வெட்கத்தைக் கொடுத்தது நான்.

நல்ல ஆங்கிலமும் நல்ல தமிழும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் எனக்கு வேலை போய்விடும். பிள்ளைக்கு இரண்டும் வர வேண்டும் என்று தினமும் பாடுபடுகிற தாய்தான் நானும். ஆனால் வகுப்பில் ஆசிரியர் திருத்துவது வேறு, பஸ்ஸில் மகள் திருத்துவது வேறு. முன்னது அப்பாவை மேற்பார்வையாளர் ஆக்கியது. பின்னது அவரைப் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தியது.

போன வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். மகனை அழைத்துவர அப்பாவோடு நானும் போனேன். பழக்கத்தில் அவர் கால் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பியது.

"முட்டி வலிக்குதாப்பா?"

"இல்லம்மா."

"அப்ப கேட்டுக்கே போலாம்."

நடந்துகொண்டே சொன்னேன்: "அன்னைக்கு பஸ்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா."

"எந்த பஸ்?" என்றார் அப்பா.

உண்மையிலேயே மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா, தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன். அவர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். முட்டி வலிக்காரருக்கு அது கொஞ்சம் வேகமான நடைதான்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். மகன் தாத்தாவைக் கம்பிக்குப் பக்கத்தில் பார்த்ததும் நண்பன் ஒருவனை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். "மை தாத்தா" என்றான். "ஹி டூ டைல்ஸ் ஒன். ஹி த பெஸ்ட்."

அந்த வாக்கியத்தைத் திருத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"சீக்கிரம் வாங்க, மூணு மணிக்கு ஆரம்பிச்சிடுவான்" என்றார் அப்பா.